நான்காவது விடை

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. நான் ஓய்வுபெற்ற பிறகும் உயர்தர வரலாற்று வினாத்தாள்களை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கும் வழக்கத்தை நீங்கள் விடவில்லை. அது எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னது இது:

"ரீச்சர், உங்களுக்குக் கண் ஒப்பரேசன் செஞ்ச நேரமெண்டு தாளை நான் கொண்டு வரல்ல. பார்த்த ஆக்கள்ற பேரோட உங்கட பேரையும் போட்டுட்டன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காம ஓய்வெடுங்க."

நான் கத்திவிட்டேன். இரக்கப்பட்டு உதவி செய்த பிள்ளை, இப்படி ஏச்சு விழும் என்று கனவிலும் நினைத்திராது. அடுத்த அறையில் கிடந்த என் கணவர் எழும்பி ஓடி வந்து, "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்திட்டா?" என்று கேட்டார். ஏன் கத்தினேன் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு இருந்து மெல்ல மெல்ல இதை எழுதுகிறேன். புதிதாக வினாத்தாள் தயாரிக்க வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் வாசியுங்கள். அந்தப் பிள்ளை கட்டாயம் வாசிக்க வேண்டும்.

வினாத்தாளோடு அலுவலகத்துக்குப் போகும் ஒற்றைத் தாளை நீங்கள் அறிவீர்கள். மேலே 'பார்வையிட்டோர்' என்று இருக்கும். கீழே மூன்று கோடு. மூன்று பேர் பார்க்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. எங்களுக்கு முந்தியவர்கள் பட்டுத் தெளிந்து போட்ட கோடுகள் அவை. ஒரு சைவ ஆசிரியர், ஒரு கிறிஸ்தவ ஆசிரியர், ஒரு முஸ்லிம் ஆசிரியர். இந்த வாவிக்கரை நீளத்துக்கும் ஒரே தாள்தான் போகிறது. ஒரு பக்கத்துப் பிள்ளைக்குச் சாதாரணமாய்ப் படுகிற வரி இன்னொரு பக்கத்துப் பிள்ளைக்குக் கன்னத்தில் அறைந்ததுபோலப் படலாம். மூன்று பேர் பார்த்தால் மூன்று பேரில் ஒருவருக்காவது அது தட்டுப்படும்.

மூன்றாவது கோட்டில் பல வருடமாகக் கையெழுத்துப் போட்டவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தாள் பார்ப்பதில் மனுசன் பொல்லாதவர். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசிப்பார். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே கேள்வியில் ஏதோ பிழை இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லை. "சேர், கெதியாப் பாருங்க" என்பேன். "எங்கட புள்ளைகள் மூணு மணித்தியாலம் குந்தி எழுதப் போகுதுகள். நாம ரெண்டு மணித்தியாலம் குந்த ஏலாதா ரீச்சர்?" என்பார். நானும் குந்துவேன்.

இப்போது நான் ஒருமுறை கேள்வி எழுதிய கத்தோலிக்கக் கர்தினால் ஒருவருக்கு வருகிறேன். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய ஸ்பெயினில் வாழ்ந்தவர். உங்கள் பாடக்குறிப்பில் பெயர் இருக்கிறது, இங்கே கர்தினால் என்றாலே போதும். ஜெர்மனியில் ஒரு துறவி எழும்பிக் கத்தோலிக்கத் திருச்சபையை இரண்டாகப் பிளப்பதற்கு முதலே, உள்ளே இருந்துகொண்டு அதைத் திருத்தப் பார்த்தவர். அரசியின் ஆன்ம குரு, நாட்டின் ஆகப் பெரிய பேராயர், அரியணையில் ஆள் இல்லாத நேரத்தில் நாட்டையே ஆண்டவர். அவ்வளவு அதிகாரம் இருந்தும் பட்டு அங்கிக்குள்ளே பழைய முரட்டுத் துறவி உடுப்பைக் கழற்றாமல் போட்டிருந்தார் என்பார்கள். பெண்களோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த துறவிகளை மடத்து ஒழுங்குக்குள் இழுத்து வந்தார். சிலர் பெண்ணை விட மனமில்லாமல் கடல் தாண்டி ஆபிரிக்காவுக்கே ஓடிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதைச் சொன்னால் மத்தியானச் சோற்று மயக்கத்தில் கிடக்கும் வகுப்பும் எழும்பி உட்காரும்.

நான் கத்தோலிக்கக்காரி. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்கிறேன். "இவரைப் போல பத்துப் பேர் இருந்திருந்தா திருச்சபை பிளந்திருக்காது" என்று வருடா வருடம் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அவருடைய சாதனைகள் என்று நான்கு குறிப்புச் சொல்லி எழுதவைப்பேன். நான் படித்த காலத்தில் என் விரிவுரையாளர் எனக்குச் சொல்லி எழுதவைத்த அதே நான்கு. மடங்களின் ஒழுக்கம், பல்கலைக்கழகம், பல மொழிகளில் அச்சிட்ட விவிலியம். நான்காவது, கிரனடா நகரத்து முஸ்லிம்களைத் திருச்சபையில் சேர்த்தது. பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த வகுப்பில் முஸ்லிம் பிள்ளை ஒன்றும் இருந்ததில்லை. ஒருவரும் பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் ஆசிரிய ஆலோசகராக இருந்தபோது, தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வந்த ஒரு நோன்பு மாதம். முன்னோடிப் பரீட்சைக்கு உலக வரலாற்றுத் தாளை நான் தயாரித்தேன். பல்தேர்வு வினாக்களில் ஒன்று கர்தினாலைப் பற்றியது. 'பின்வருவனவற்றுள் இவரது சீர்திருத்தச் சாதனைகளில் அடங்காதது எது?' என் பழைய நான்கு குறிப்பையும் அப்படியே முதல் நான்கு விடையாகப் போட்டேன். நான்காவதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று நினைத்து, 'கிரனடாவில் அரபு நூல்களை எரித்து, முஸ்லிம்களை ஞானஸ்நானம் பெறச் செய்தமை' என்று எழுதினேன். ஐந்தாவது, 'திருச்சபைச் சொத்துகளை அரசுடைமையாக்கியமை.' சரியான விடை ஐந்து. அப்படியென்றால் நான்காவது ஒரு சாதனை. அதை ஒரு தடவைகூட நிறுத்தி யோசிக்காமல் எழுதினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சேருக்குப் பின்னேரம் தொலைபேசி எடுத்தேன். நோன்புக் களைப்பு குரலில் தெரிந்தது.

"நாளைக்கு அனுப்புங்க ரீச்சர், பாத்துத் தாறன்" என்றார்.

"நோன்பு நேரம் சேர், உங்களுக்கு ஏன் கரைச்சல்? வழமையான கேள்விகள்தான்."

"அனுப்புங்க ரீச்சர்."

நான் அனுப்பவில்லை. அடுத்த நாள் தாள் அச்சுக்குப் போக வேண்டும். பாவம் மனுசன், வெறும் வயிற்றோடு இரண்டு மணித்தியாலம் வாய்விட்டு வாசிக்க வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மூன்றாவது கோட்டில் அவர் பெயரை எழுதினேன். அவர் போடுவதுபோலவே கீழே ஒரு சுழியும் போட்டேன். இது எல்லாச் சமயத்தாரோடும் பழகுகிற நாங்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. வெறுப்பினால் செய்தால் உடனே பிடிபட்டுவிடும். நாங்கள் மரியாதையினால் செய்வோம், தைப்பூசம் என்று ஒருவரை விடுவோம், நோன்பு என்று ஒருவரை விடுவோம், பெரிய வெள்ளி என்று ஒருவரை விடுவோம்.

அந்த மரியாதையும் முழு உண்மை இல்லை. அந்த உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு நான் சேர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. எங்கள் பக்கம் சவப்பெட்டிகள் வரிசையாகப் போனதைப் பார்த்தவள் நான். அவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று புத்திக்குத் தெரியும், ஆனால் கால் போக மறுத்தது. நோன்பு எனக்கு நல்ல சாட்டாய் அமைந்தது, அவ்வளவுதான்.

பரீட்சை நாள் காலை பத்தரை மணிபோல என் தங்கை கனடாவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். என் கேள்வித்தாள். நான்காவது விடையைச் சுற்றிச் சிவப்பு வளையம். கீழே அவள், "அக்கா, இது உங்கட இடத்துத் தாளா? இஞ்ச எல்லாரும் அனுப்புறாங்க" என்று கேட்டிருந்தாள். பரீட்சை இன்னும் முடியவில்லை, அதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது. வளையம் போட்டபிறகுதான் அந்த வரியை நான் முதல் தடவையாக வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தொலைபேசி அடங்கவில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல், "நீங்கதான் அந்தத் தாள் போட்ட ரீச்சரா?" என்று மட்டும் கேட்டது. ஓம் என்றேன். வைத்துவிட்டான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் வைத்ததுதான் பயமாக இருந்தது. கணவர் முன்கதவைப் பூட்டினார், பிறகு பின்கதவையும் பூட்டினார். "நீ இண்டைக்கு வெளிய போகக்கூடா" என்றார். நான் சேருக்கு எடுத்தேன். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். நான்காவது தடவை தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போன பொதிகளோடு அந்த ஒற்றைத் தாளின் பிரதியும் போயிருக்கிறது. அதில் அவருடைய பெயர் இருக்கிறது. அவருடைய ஊர்ச் சனம் இந்நேரம் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டு மணிக்குக் கல்விப் பணிப்பாளர் வாகனம் அனுப்பினார். அவர் களுதாவளைக்காரர், காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திருநீறு பூசாமல் அலுவலகம் வராத மனிதர். நான் உள்ளே போனபோது திருநீறெல்லாம் வியர்வையில் கரைந்திருந்தது. மேசையில் அந்த ஒற்றைத் தாள்.

"காத்தான்குடிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில புள்ளைகள் அழுதிருக்கு ரீச்சர். தாய் தகப்பன்மார் வாசல்ல நிக்கிறாங்க. பின்னேரம் கூட்டம். பொலிசுக்கும் சொல்லியிருக்கன். ஒரு கல் விழுந்தாலும் மறுகா அடக்க ஏலாது. இஞ்சால இருந்து ஒண்டு கிளம்பும், அங்கால இருந்து ஒண்டு கிளம்பும்." அவர் தாளை என் பக்கம் திருப்பி மூன்றாவது கோட்டில் விரலை வைத்தார். "நல்லவேளை, சேர்ட கையெழுத்து இருக்கு. அவங்கட ஆளே பார்த்து விட்டிருக்கார் எண்டா கதை அதோட முடிஞ்சிடும். நீங்க ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. நான் கதைக்கிறன்."

அந்த அறையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அது அவர் போட்ட கையெழுத்து இல்லை' என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? நான் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், கள்ளக் கையெழுத்துப் போட்ட ரீச்சர் என்று ஊர் சொல்லும். இவ்வளவும் அந்தக் கணத்தில் தலைக்குள் ஓடி முடிந்துவிட்டது. பயம் வந்தால் மனுசருக்கு எவ்வளவு கெதியாகப் புத்தி வேலை செய்கிறது பாருங்கள். "சரி சேர்" என்று பணிப்பாளரிடம் தலையாட்டினேன். அன்று செய்த பிழைகளிலேயே கேவலமானது அந்தத் தலையாட்டல்தான்.

கூட்டத்துக்குக் காத்தான்குடி போகும் வழியில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது கையில் செபமாலை இருந்தது, வாயில் செபம் வரவில்லை. நாவற்குடா கடந்து, வீதி நடுவே ஈச்ச மரங்கள் தொடங்குகிற இடம் வந்ததும் கடைகள் பாதி சாத்தியிருந்தன. ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வாகனத்துக்குள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் எனக்குப் பகை தெரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எல்லா முகமும் ஒன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் இரண்டு பொலிசார். அவர்களும் என்னைவிடப் பயந்துபோய்த்தான் நின்றார்கள்.

மண்டபம் நிறைய ஆட்கள். முன்னுக்கு ஒரு கதிரையில் சேர் தனியாக இருந்தார். பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. இவ்வளவு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனிதர், குற்றவாளியைப் போல கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துவிட்டார்.

பணிப்பாளர் வருத்தம் தெரிவித்தார், வினா நீக்கப்படும் என்றார், பிறகு மெல்ல, "தாள் ஒழுங்குப்படி பார்வையிடப்பட்டுத்தான் வந்திருக்கு" என்று தொடங்கினார். அப்போது நடுவில் இருந்து ஒருவர் எழும்பினார். புடைவைக் கடை வைத்திருப்பவர், பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையின் தகப்பன். சத்தம் போடவில்லை.

"என்ட வாப்பா மார்க்கம் படிச்ச ஒரு ஆலிம். அவர்ட கிதாபுகள் ஒரு அலுமாரி நிறைய இருந்திச்சு. எல்லாம் அரபு. அந்தக் குண்டுக்குப் பொறகு வீடு வீடாச் செக்கிங் வந்த நேரம், அரபுல என்ன எழுதியிருக்கெண்டு பாக்க வாறவனுக்குத் தெரியுமா? எங்களுக்குப் பயம். நானும் என்ட மகளும் சேர்ந்து அதுகள ரெண்டு சாக்குல போட்டு, கல்லக் கட்டி, ஆத்துல எறக்கினம். எரிக்க மனம் வரல்ல." அவர் பணிப்பாளரைப் பார்த்தார். "அந்தப் புள்ளதான் இண்டைக்கு இந்தக் கேள்விய வாசிச்சிருக்கு. அரபுக் கிதாப எரிக்கிறது சாதனையெண்டு. வீட்ட வந்து என்னப் பார்க்காம அறைக்குள்ள போய்ப் படுத்திட்டு."

பிறகு அவர் சேரின் பக்கம் திரும்பினார். "வேற ஆராவது செஞ்சிருந்தா நான் இஞ்ச வந்திருக்க மாட்டன். நீங்க எங்கட ஆளு. நீங்க இதப் பார்த்து விட்டீங்களா சேர்? அதுக்கு மட்டும் பதில் செல்லுங்க."

எனக்குத் தெரியும், சேர் இப்போது சொல்லப் போகிறார், 'இல்லை, அந்த ரீச்சர் என் பெயரைப் போட்டுவிட்டார்' என்று. சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓம்" என்றார் சேர். "என்ட பேர்தான் அது."

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்னுக்குச் சன்னலோரம் நின்ற இளம் பெடியன்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. தன் ஊர் தன்னை ஏசினால் அது ஊருக்குள் முடியும். அந்த மண்டபத்தில் ஒரு கிறிஸ்தவப் பொம்பிளையின்மேல் கை நீண்டால், இரவுக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கமும் எரியும். அவரும் பயந்துதான் இருந்தார். அந்தப் பயத்தில் அவர் தன்னை எடுத்து முன்னே வைத்தார். நான் என் பயத்தில் அவரை எடுத்து முன்னே வைத்திருந்தேன்.

புடைவைக் கடைக்காரர் சேரைப் பார்த்தபடி மெல்லக் கதிரையில் இருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் எழும்பிவிட்டேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"அவர் பார்க்கல்ல" என்றேன். எல்லோருக்கும் கேட்க மறுபடி சொன்னேன். "சேர் அந்தத் தாளைப் பார்க்கல்ல. அனுப்பச் சொன்னார், நான் அனுப்பல்ல. அவர்ட கையெழுத்தை நான்தான் போட்டனான். கேள்வியும் என்ட கேள்விதான். அதைச் சாதனையெண்டு இருபது வருசமாப் படிப்பிச்சிருக்கன். பிழையெண்டு எனக்கு இண்டைக்குக் காலையிலதான் தெரியும்."

பணிப்பாளர் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து இருத்தப் பார்த்தார். பின்னால் ஒரு கதிரை சரிந்து விழுந்தது. சன்னலோரத்துப் பெடியன்மாரில் ஒருவன் ஏதோ கத்திக்கொண்டு முன்னுக்கு வந்தான், அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். 'சரி, முடிந்தது' என்று நினைத்தேன். சேர் எழும்பிக் குறுக்கே போய் நின்றார். அவருக்குப் பக்கத்தில் புடைவைக் கடைக்காரரும் போய் நின்றார்.

"இருங்கடா" என்றார் கடைக்காரர். "கேட்ட கேள்விக்கு அவதான் பதில் செல்லிருக்கா. போய் இருங்க."

அவர்கள் உடனே இருக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு ஒருவன் விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்தான்.

அன்று கல் விழவில்லை. எனக்கு விசாரணை நடந்தது, ஆலோசகர் பதவி போனது, மறுபடி வகுப்பறைக்கே அனுப்பினார்கள். வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். விசாரணையில் சேர் எழுதிக் கொடுத்த கடிதம்தான் அதற்குக் காரணம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலைந்தபோது நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. சேர் வாசல்வரை வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அழுகைதான் வந்தது.

"அழாதீங்க ரீச்சர். ஒண்டு மட்டும் செல்லுங்க. நோன்போட நான் பாடம் எடுக்கிறன், தாள் திருத்துறன், கூட்டத்துக்கு வாறன். ஒரு கேள்வி வாசிக்க மட்டும் ஏலாதெண்டு நீங்க எப்பிடி முடிவெடுத்தீங்க?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"கிரனடாவில ஏற்கெனவே ஒரு பேராயர் இருந்தார், தெரியும்தானே? பாதிரிமாரை அரபு படிக்கச் செல்லி, பொறுமையா இருந்த மனுசன். கர்தினாலுக்குத்தான் அவசரம்." அவர் சிரிக்கப் பார்த்தார், காய்ந்த உதடு விடவில்லை. "ஆனா அவர் கூட எல்லாத்தையும் எரிக்கல்ல, ரீச்சர். வைத்திய நூல்களை எடுத்து வேற வச்சிட்டுத்தான் எரிச்சார். அப்ப, எரிக்க முதல் அரபு தெரிஞ்ச ஆரையாவது கூப்பிட்டு வாசிக்க வச்சிருக்கார். நீங்க அதையும் செய்யல்ல."

பாங்கு சொல்லும் நேரம் வந்தது. நோன்பு திறந்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஊரில் அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் எவரையும் வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள். என்னை அனுப்பினார். அவருக்கு என்மேல் எவ்வளவு கோபம் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் தாள் தயாரிக்கும் வேலை ஒன்றும் என்னிடம் வரவில்லை. மூன்றாவது வருடம் வந்தபோது, அதுவும் நோன்பு மாதமாகப் பார்த்து வந்தது. தயாரித்த தாளை எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பயம் போய்விடவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவர் கதவைத் திறந்து, தாளை வாங்கி, முதல் கேள்வியை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். கர்தினாலைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. அவரது சீர்திருத்தங்களையும் கிரனடாவில் அவர் செய்ததையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லியிருந்தேன். அதைச் சேர் இரண்டு தடவை வாசித்தார். எங்கும் இடறவில்லை. நான் 'கெதியா' என்று சொல்லவும் இல்லை. நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு. நான் போட்ட சத்தத்தில் தாள் அச்சுக்குப் போகாமல் உன் மேசையிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது. பார்வையிட்டோர் தாளில் நீ எழுதின என் பெயரை முதலில் வெட்டு. பிறகு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. நான் இன்னும் பத்து நாளைக்குச் சின்ன எழுத்து வாசிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதனால் என்ன, நீ வாய்விட்டு வாசி. நான் இருந்து கேட்கிறேன், எங்கே இடறுகிறாய் என்று பார்ப்போம்.